உள்ளூர்ச் சேவை விருதுகளுக்கு நடுவராக இருப்பவர் எதை வைத்து முடிவு செய்ய வேண்டும்?

தம் ஊரில் உள்ள சேவைச் சங்கம் ஆண்டுதோறும் தன்னார்வலர்களுக்கும் தொண்டு அமைப்புகளுக்கும் வழங்கும் விருதுகளுக்கு நடுவராக இருக்கும்படி தம்மை அழைத்திருப்பதாகவும், வந்து குவிந்திருக்கும் விண்ணப்பங்களில் தகுதியானவரை எப்படிக் கண்டறிவது என்று தெரியவில்லை என்றும் கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார். கூட்டுறவுத் தணிக்கைத் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்ற நான், பட்டுக்கோட்டைப் பகுதியில் இத்தகைய நடுவர் குழு ஒன்றில் ஆறு ஆண்டுகள் இருந்திருக்கிறேன். அந்த அனுபவத்தைக் கொண்டு பதில் சொல்கிறேன்.

முதல் ஆண்டில் நாங்கள் செய்த தவற்றைச் சொல்லிவிடுகிறேன். நடுவர்கள் ஐந்து பேரும் ஒரு திருமண மண்டபத்தின் மாடி அறையில் கூடி, மேசை மீது அடுக்கியிருந்த கோப்புகளைப் புரட்டி மதிப்பெண் போட்டு, இரண்டு மணி நேரத்தில் வேலையை முடித்துவிட்டோம். சிறந்த அமைப்புக்கான விருது, வண்ணப் படங்களோடு அழகாகக் கட்டப்பட்ட தடித்த கோப்பை அனுப்பிய ஓர் அறக்கட்டளைக்குச் சென்றது. சில வாரங்கள் கழித்து உறவினர் வீட்டு விசேஷத்துக்காக அந்த ஊருக்குப் போனபோது, கோப்பில் பல பக்கங்களை நிரப்பியிருந்த மாலை நேரப் படிப்பு மையத்தைப் பார்க்க விரும்பி வழி விசாரித்துச் சென்றேன். பூட்டியிருந்தது. பூட்டில் துரு ஏறியிருந்தது. எதிர்வீட்டு அம்மாள், "போட்டோ எடுக்க வந்தப்பத் திறந்தாங்க சார், அதோட சரி" என்றார். என் பணிக்காலம் முழுவதும், கிடங்கைத் திறந்து உரமூட்டைகளை எண்ணிப் பார்க்காமல் எந்தச் சங்கத்தின் இருப்புப் பட்டியலிலும் நான் கையெழுத்திட்டதில்லை. அப்படிப்பட்ட நானே, மனிதர்களின் சேவையைத் தாளை மட்டும் பார்த்து மதிப்பிட்டுவிட்டேன் என்பது நெடுநாள் உறுத்திக்கொண்டிருந்தது.

ஆகவே நான் முதலில் சொல்ல விரும்புவது, நேரில் போய்ப் பாருங்கள் என்பதுதான். எல்லா இடங்களுக்கும் போக இயலாது. முதல் சுற்றில் தேறிய எட்டுப் பத்துப் பேரையாவது, இரண்டிரண்டு நடுவர்களாகப் பிரிந்து சென்று பார்க்கலாம். பிரிட்டனில் 2002இல் உருவாக்கப்பட்ட, தன்னார்வச் சேவைக்கான அரச விருதில்கூட, பரிந்துரைக்கப்பட்ட குழுவை அந்தந்த வட்டாரத்தைச் சேர்ந்த மதிப்பீட்டாளர்கள் நேரில் ஆராய்ந்து அறிக்கை அளித்த பிறகே அது அடுத்த கட்டத்துக்குப் போகிறது. நீங்கள் போகும்போது, அமைப்பாளர் அழைத்து வந்து நிறுத்தும் பயனாளிகளோடு நின்றுவிடாமல், பக்கத்துத் தெருவிலும், பள்ளிக்கூட வாசலிலும், மளிகைக் கடையிலும் விசாரியுங்கள். அரை மணி நேரத்தில், எந்தக் கோப்பிலும் இல்லாதது தெரியவரும்.

இரண்டாம் ஆண்டில் பரிந்துரைப் படிவத்தையும் மாற்றினோம். பத்ம விருதுகளுக்கு இன்று யார் வேண்டுமானாலும் இணையம் வழியே ஒருவரைப் பரிந்துரைக்கலாம். பரிந்துரைக்கப்படுபவரின் பணியை விவரிக்க அங்கே 800 சொற்கள்தான் உச்ச வரம்பு. அதற்கே அவ்வளவு போதும் என்றால் எங்கள் ஊர் விருதுக்கு ஒரு பக்கம் போதும் என்று தீர்மானித்தோம். படங்கள் இரண்டுக்கு மேல் கூடாது, கையால் எழுதியதையும் ஏற்றுக்கொள்வோம், எழுத வராதவர் வாய்மொழியாகச் சொன்னால் சங்கத்தைச் சேர்ந்த ஒருவர் எழுதிக்கொள்வார் என்று அறிவித்தோம். உண்மையாக உழைப்பவர்களில் பலர் தம்மைப் பற்றித் தாமே எழுதக் கூசுவார்கள். அவர்களை அறிந்தவர்களுக்கோ எழுதிப் பழக்கம் இருக்காது. இந்த இரண்டு தடைகளையும் நீக்கும் பொறுப்பு விருது கொடுப்பவர்களுடையது என்று உறுதியாக நம்புகிறேன்.

அந்த மாற்றத்தால் எங்களுக்குக் கிடைத்தவர்களில் ஒருவரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 2018 நவம்பர் 16 அன்று அதிகாலையில் கஜா புயல் கரையைக் கடந்தபோது எங்கள் பகுதியின் தென்னந்தோப்புகள் ஒரே இரவில் சாய்ந்துபோயின. அடுத்த ஆண்டு வந்த பரிந்துரைகளில் பெரும்பாலானவை நிவாரணப் பணி பற்றியவை. இத்தனை மூட்டை அரிசி, இத்தனை தார்ப்பாய், இத்தனை குடும்பங்கள் என்று கணக்குகள் இருந்தன. அவற்றுக்கு நடுவே, கோடு போட்ட தாளில் பந்துமுனைப் பேனாவால் அரைப் பக்கம் எழுதி, ஒரு தேநீர்க் கடைக்காரர் பரிந்துரை அனுப்பியிருந்தார். "இந்தப் பொண்ணு இல்லேன்னா எங்க தெருவுல பாதிப் பேருக்குத் தென்னைப் பணம் வந்திருக்காது" என்பதுதான் அதன் சாரம்.

நானும் இன்னொரு நடுவரும் போனோம். பட்டப்படிப்பு முடித்து வேலை தேடிக்கொண்டிருந்த பெண் அவர். திண்ணையில் உட்காரவைத்து மூன்று நீள நோட்டுகளைக் கொண்டுவந்து கொடுத்தார். விழுந்த தென்னை ஒன்றுக்கு 600 ரூபாயும், அதை வெட்டி அகற்ற 500 ரூபாயும் ஆக 1,100 ரூபாய் தருவதாக அப்போது அரசு அறிவித்திருந்தது. ஆனால் அந்தப் பணம் கைக்கு வந்து சேர வேண்டுமென்றால் ஆவணங்கள் சரியாக இருக்க வேண்டும். பட்டா இறந்துபோன தாத்தாவின் பெயரில் இருக்கும். ஊரின் பயிர்க் கணக்கான அடங்கலில் தென்னை ஏறியிருக்காது. தோப்பைக் குத்தகைக்கு எடுத்தவர் ஒருவர், உரிமையாளர் வேறொருவராக இருப்பார். வங்கிப் புத்தகத்தில் உள்ள பெயரும் ஆதாரில் உள்ள பெயரும் முதலெழுத்தில் மாறும். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு வரி ஒதுக்கி, புல எண், விழுந்த மரங்கள், எந்தத் தாள் குறைகிறது, எந்தத் தேதியில் எந்த அலுவலகத்துக்குப் போனது என்று கட்டம் போட்டு எழுதியிருந்தார். பணம் வந்து சேர்ந்தவர்களின் பெயர்களைப் பச்சை மையால் சுழித்திருந்தார். ஒரு வரியின் ஓரத்தில் "கிராம நிர்வாக அலுவலர், 4 முறை" என்றும், அதன் கீழே "பாட்டியால் நடக்க முடியாது, வண்டி ஏற்பாடு" என்றும் இருந்தது. நான் பார்த்த தணிக்கைக் கணக்குகளில் இவ்வளவு நேர்மையாக எழுதப்பட்டவை குறைவு. "நான் யாருக்கும் ஒண்ணும் குடுக்கலையே சார், எழுதித்தானே குடுத்தேன்" என்று அவர் சொன்னதைக் கேட்டுக்கொண்டு பேச்சில்லாமல் இருந்தோம்.

குழுக் கூட்டத்தில், ஆயிரக்கணக்கானோருக்கு அரிசி கொடுத்தவர்கள் இருக்கும்போது மனு எழுதியவருக்கு எப்படிக் கொடுப்பது என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். மரங்கள் விழுந்து மறித்திருந்த சாலைகளில் மூன்றாம் நாளே அரிசியோடு வந்தவர்களை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அரிசி பல திசைகளிலிருந்தும் வந்தது. ஒருவர் வராவிட்டால் இன்னொருவர் வந்திருப்பார். இவர் இல்லாதிருந்தால் இந்த ஊரில் எது நடக்காமலே போயிருக்கும் என்று ஒவ்வொரு பரிந்துரைக்கும் கேட்டுப் பார்த்தோம். அதன் பிறகு எங்களுக்குள் கருத்து வேறுபாடு அதிகம் இருக்கவில்லை. இதே காரணத்தால், ஊதியம் பெறும் பணியாளர்களைக் கொண்ட பெரிய அமைப்பையும் நாலு பேர் சேர்ந்து நடத்தும் கஞ்சித் தொட்டியையும் ஒரே பிரிவில் நிறுத்தக் கூடாது என்பேன்.

பணம் பற்றிய விசாரணையில் தயங்காதீர்கள். தம் நேரத்தையும் கைக்காசையும் மட்டும் செலவிடுபவரிடம் பதிவுச் சான்றிதழ் கேட்டு விரட்ட வேண்டியதில்லை. பொதுமக்களிடம் திரட்டுபவர் என்றால், ஜிபே எண் கொடுத்து நூறு ரூபாய் வாங்கினாலும், வங்கிக் கணக்கு விவரத்தைக் காட்டத்தான் வேண்டும். அது தனிநபர் கணக்கா அமைப்பின் கணக்கா என்று பாருங்கள். பதிவு பெற்ற அமைப்பாக இருந்தால் தணிக்கை அறிக்கையையும், நன்கொடையாளருக்கு வருமான வரிச் சலுகை தரும், 80ஜி என்று அறியப்படும் சான்று இருப்பதாகச் சொன்னால் அது நடப்பில் இருக்கிறதா என்பதையும் கேளுங்கள். எங்கள் பக்கத்தில் சிங்கப்பூரிலிருந்து உதவி வராத அமைப்பே அரிது. இந்தியக் குடியுரிமை உள்ளவர் தம் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் சிக்கலில்லை. அந்நாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்டவர் அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடையாகி, உள்துறை அமைச்சகத்தின் அனுமதி தேவைப்படும். நல்லெண்ணத்தோடு செயல்படும் சிறு குழுக்கள் இதை அறியாமல் மாட்டிக்கொள்வதுண்டு. தெரிந்தால் சொல்லிக் கொடுங்கள்.

சிறிய ஊரில் எல்லாரும் எல்லாருக்கும் ஏதோ ஒரு வகையில் உறவு. உறவையோ நட்பையோ ஒளிக்காமல் கூட்டத் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டு, அந்தப் பெயர் பேசப்படும்போது எழுந்து வெளியே போய்விட வேண்டும். விழாச் செலவை ஏற்பவருக்கும் இதே விதிதான். மதிப்பெண்களை ஒவ்வொருவரும் வீட்டிலேயே போட்டு, உறையில் இட்டு எடுத்துவர வேண்டும். கூடிப் பேசிய பிறகு போட்டால், குரல் ஓங்கியவரின் கருத்தே ஐந்து தாள்களிலும் இருக்கும். யாருக்கு மதிப்பெண்கள் மிகவும் வேறுபடுகின்றனவோ அவரைப் பற்றி முதலில் பேசுங்கள். நடுவர்களில் ஒருவருக்கு மட்டும் தெரிந்த செய்தி பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

தேர்ந்தெடுத்த பின்பும் வேலை முடிவதில்லை. பாராட்டுரையை மேடையில் வாசிக்கும் முன் உரியவரிடம் காட்டுங்கள் என்று வலியுறுத்துகிறேன். அந்தப் பெண்ணுக்காக நான் எழுதிய உரையில், அலட்சியம் காட்டிய அலுவலர்களோடு போராடி உரிமையைப் பெற்றுத் தந்தவர் என்று ஒரு வரி இருந்தது. படித்துப் பார்த்தவர் அந்த இடத்தில் விரலை வைத்து, "இதை மட்டும் எடுத்துருங்க சார். இன்னும் பதினாலு பேருக்குப் பணம் வரணும், நாளைக்கும் அந்த ஆபீஸுக்குத்தான் நான் போகணும்" என்றார். எடுத்துவிட்டேன். அந்த வரிக்குப் பதிலாக, பச்சை மையால் சுழித்த பெயர்கள் எத்தனை என்பதை மட்டும் வாசித்தோம்.