வீட்டில் வசதி போதாது என்று சொல்லி குழந்தைகள் நலக் குழு பிள்ளைகளை எடுத்துப் போக முடியுமா? பெற்றோருக்கு என்ன உரிமை இருக்கிறது?

பாதுகாப்பு தேவைப்படும் பிள்ளைகள் யாரிடம் இருக்க வேண்டும் என்று முடிவு செய்கிற குழு அது. ஆனால் வீடு சின்னது, கக்கூஸ் பொது என்பதற்காக மட்டும் முடியாதுங்க. கேள்வியைப் பார்த்தால் உங்கள் வீட்டுக்கு ஆள் வந்து போய்விட்டார்கள் என்றுதான் தோன்றுகிறது. அநேகமாக ஒற்றை அறை வாடகை வீடு, இரண்டு பேரும் வேலைக்குப் போகிறவர்களாக இருப்பீர்கள். நாங்களும் அப்படித்தான்.

சோமனூரிலிருந்து பள்ளிபாளையம் வரைக்கும் தறி ஓடுகிற ஊர்கள் எத்தனையோ. அதில் ஒன்றில், வரிசையாக ஒட்டிக் கட்டிய லைன் வீட்டில் இருக்கிறோம். என் வீட்டுக்காரர் நைட் ஷிப்டில் தறி ஓட்டுவார், நான் தறிக்கு நூல் தார் சுற்றுவேன். அவசரம் என்று ராத்திரி என்னையும் கூப்பிட்டால், பிள்ளைகள் இரண்டும் பக்கத்து வீட்டு ஆத்தாவோடு படுத்துக்கொள்ளும். யாரோ குழந்தைகள் உதவி நம்பர் 1098க்குச் சொல்லிவிட்டார்கள். சொன்னவர் மேல் கோபமில்லை. அடி உதையிலிருந்து பிள்ளைகளைக் காப்பாற்ற அந்த நம்பர் வேண்டும்.

வந்தவர்களில் ஒருவர் அறையைப் பார்த்துவிட்டு, "இதுக்குள்ள எப்படிம்மா புள்ளைங்கள வெச்சிருக்கீங்க? ஹோம்ல விட்டா நேரத்துக்குச் சோறு, கட்டில், படிப்பு" என்றார். ஒரு தாளையும் நீட்டினார். பராமரிக்க முடியாததால் எங்கள் விருப்பத்தின்பேரில் ஒப்படைக்கிறோம் என்று எழுதியிருந்தது. வீட்டுக்காரர் பயத்தில் பேனாவை வாங்கிவிட்டார். நான் அதைப் பிடுங்கி வைத்துவிட்டு, "கையெழுத்துப் போட மாட்டோமுங்க. கமிட்டிக்குக் கூப்பிடுங்க, வந்து பேசுறோம்" என்றேன். நான் எட்டாவதுதான் படித்தவள். ஆனால் என் பிள்ளைகளை விட்டுத்தர எனக்கு விருப்பம் என்று இன்னொருவர் எழுதித்தரக் கூடாது.

சட்டப் பணிகள் ஆணைக்குழு மூலமாக ஒரு வக்கீலம்மா கிடைத்தார். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் அங்கே இலவசமாக வக்கீல் வைத்துத் தருவார்கள். 15100க்குப் போன் செய்தாலே போதும். 2015ஆம் வருட இளைஞர் நீதிச் சட்டத்தில் பிள்ளையை ஹோமில் சேர்ப்பது கடைசி வழி, முதல் பொறுப்பு குடும்பத்துக்கு என்றே இருக்கிறது என்று அவர்தான் சொன்னார். பிள்ளையைக் கூட்டிப் போனாலும், வழிப் பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் குழு முன்னால் நிறுத்த வேண்டும். வீட்டு நிலைமையை விசாரித்து 15 நாளில் அறிக்கை முடிக்க வேண்டும். பிள்ளை என்ன சொல்கிறது என்பதையும் கேட்க வேண்டும்.

ரேஷன் கார்டு, தடுப்பூசி அட்டை, பள்ளிக்கூட வருகைச் சான்று எல்லாம் எடுத்துப் போனோம். இனி ராத்திரி என்னைக் கூப்பிடுவதில்லை என்று தறி முதலாளியிடம் எழுதி வாங்கிக்கொண்டேன். பெரியவளைத் தனியாக உட்காரவைத்துப் பேசினார்கள். பிள்ளைகள் எங்களிடமே இருக்கட்டும், அவ்வப்போது ஆள் வந்து பார்ப்பார்கள் என்று உத்தரவானது. அப்படி மேற்பார்வையோடு பெற்றோரிடமே விடவும் அந்தச் சட்டத்தில் இடம் இருக்கிறது.

குடித்துவிட்டு அடிக்கிற, பட்டினி போடுகிற வீட்டுக்காக நான் பேசவில்லை. "அப்போ புள்ளைங்கள ராத்திரி விட்டுட்டுப் போனது சரியா" என்று கேட்க வருகிறவர்கள், அந்தக் கூலியில் ஒரு மாதம் சோறாக்கிப் பார்த்துவிட்டு வந்து கேட்கட்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வீடு இப்படி இருக்கிறதே என்று எங்களைக் கேட்டவர்கள், அதைக் கட்டி வாடகை வாங்குகிற ஓனரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. 2016லிருந்து வீடுகளுக்கு முதல் 100 யூனிட் கரண்ட் இலவசம். எங்கள் லைனுக்கோ ஓனர் வைத்த சப்-மீட்டர், முதல் யூனிட்டிலிருந்தே அவருக்குக் காசு. ஃபேனை நிறுத்திவிட்டுப் பிள்ளைகள் புழுக்கத்தில் தூங்கினால் அதுவும் எங்கள் குறையாகத்தான் எழுதப்படும்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். வாயால் சொன்னதை நம்பி இருக்காதீர்கள், உத்தரவின் நகலைக் கேட்டு வாங்குங்கள். அதன் தேதியிலிருந்து 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். குழு நடந்துகொண்ட விதத்தில் குறை இருந்தால் கலெக்டரிடம் மனுக் கொடுக்கலாம். ஏற்கெனவே ஒப்படைப்புப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டிருந்தாலும் மனசு மாற இரண்டு மாதம் அவகாசம் உண்டு. அதற்குள் வக்கீலைப் பிடித்துவிடுங்கள்.