குட்டி எடை கிடாவாலா, தாய்ப்பாலாலா?

கேள்வி: ஐயா, நாற்பது மேச்சேரிச் செம்மறிப் பெட்டைகளும் இரண்டு கிடாக்களும் வைத்திருக்கிறேன். பெரிய கிடாவின் குட்டிகள் மூன்று மாதத்தில் நல்ல எடை வருகின்றன. ஒரே தாய்க்குப் பிறந்தவையும் ஒன்றுபோல வளர்கின்றன. இது கிடாவின் வாகா, தாயின் பாலா? (ஆடு வளர்ப்பவர், சேலம் மாவட்டம்)

பதில்: ஒரே தாயின் குட்டிகளை வைத்து இதைத் தீர்க்க முடியாது. அவற்றுக்கு ரத்தமும் ஒன்று, மடியும் ஒன்று. எது எவ்வளவு என்று பிரிக்க வழியில்லை. தகப்பன் ஒன்று, தாய் வேறு வேறு என்று இருக்கும் குட்டிகளைப் பாருங்கள். அவற்றுக்குப் பொதுவாக இருப்பது கிடா கொடுத்ததுதான், மரபணுவில் சராசரியாகக் கால் பங்கு. அதனால் அவற்றின் எடை ஒப்புமை (முழு ஒப்புமை என்றால் 1) 0.05 என்று வந்தால், நாலால் பெருக்கி மரபுத்திறன், அதாவது எடை வித்தியாசத்தில் பரம்பரையால் வரும் பங்கு, 0.20 என்று வைத்துக்கொள்வோம்.

ஆனால் பெரிய கிடாவுக்கு நல்ல பெட்டைகளாகப் பார்த்து நீங்களே விட்டிருப்பீர்கள், இல்லையா? எல்லோரும் செய்வதுதான். இந்த முறை பெட்டைகளைப் பல் வாரியாக, அதாவது பல்லைப் பார்த்து வயது வாரியாகப் பிரித்து, ஒவ்வொரு பிரிவிலும் சீட்டுக் குலுக்கி இரண்டு கிடாக்களுக்கும் பாதிப் பாதி ஒதுக்குங்கள். பெட்டைக்குப் பருவம் சுமார் 17 நாளுக்கு ஒருமுறை வரும். 35 நாள் தனித்தனிப் பட்டியில் விட்டால் இரண்டு சுற்று ஆகிவிடும். அப்புறம் கிடாக்களை விலக்கிவிட்டு எல்லாவற்றையும் ஒன்றாக மேய விடுங்கள். மேய்ச்சல் வேறுபட்டால் கணக்கே கெட்டுவிடும்.

குட்டிக்குக் காதுவில்லை போட்டு, பிறந்த அன்றும் 90 நாள் வாக்கிலும் எடை போடுங்கள். 84 நாள் குட்டியையும் 97 நாள் குட்டியையும் அப்படியே ஒப்பிடக் கூடாது. கூடிய எடையை வயது நாளால் வகுத்து, 90ஆல் பெருக்கி, பிறப்பு எடையைக் கூட்டுங்கள். பக்ரீத்துக்குக் கொழுத்த குட்டிகளை முன்பே விற்றுவிட்டு மிச்சத்தை மட்டும் நிறுக்காதீர்கள். நல்ல கிடா மட்டமாகத் தெரியும். முடிந்தால் ஒன்பதாம் மாதமும் ஒரு எடை போடுங்கள். பால் மறந்தபின் தாயின் பங்கு குறையும். அப்போதும் வித்தியாசம் நின்றால் அது கிடாவுடையது.

இரண்டு கிடாவால் எது மேல் என்று தெரியுமே தவிர, மரபுத்திறன் தெரியாது. அதற்குப் பல கிடாக்களும், கிடாவுக்கு இருபது குட்டி வாக்கிலும் வேண்டும். அக்கம்பக்கத்துப் பட்டிக்காரர்களைச் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் பட்டிக்கு ஒரு கிடா என்று இருந்தால், தெரிவது கிடாவா தீவனமா? ஒவ்வொரு கிடாவும் இரண்டு பட்டியிலாவது சேர வேண்டும். மாற்றுவதற்கு முன் கிடாவுக்கு புருசெல்லோசிஸ் (கருச்சிதைவை உண்டாக்கும் தொற்றுநோய்) ரத்தச் சோதனை கட்டாயம்.

உங்கள் மாவட்டத்திலேயே பொட்டனேரியில் மேச்சேரி ஆடு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. சீட்டுக் குலுக்கும் முன்பே பெட்டைகளின் பல் விவரத்தோடு ஒருமுறை போய்க் கேட்டுவிடுங்கள்.