ஐந்தாம் சக்கரத்துக்கு கிரீஸ்: கேள்வி பதில்

முன்வண்டியையும் டிரெய்லரையும் கோக்கும் ஃபிப்த் வீலுக்கு கிரீஸ் போடுவது பற்றி நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். டிரெய்லர் பட்டறையில் ஹெல்பராகச் சேர்ந்து, இன்றைக்கும் அதே வேலையில் கை வைத்துக்கொண்டிருப்பவன் நான். தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி: அண்ணே, நான் இந்தத் தொழிலுக்குப் புதுசு. தட்டு மாதிரி இருக்கும் இதை ஏன் சக்கரம் என்கிறார்கள்? எந்தெந்த இடத்தில் கிரீஸ் போடணும்?

பெயர் குதிரை வண்டிக் காலத்திலிருந்து வருகிறது. நாலு சக்கர வண்டியில் முன் அச்சு திரும்புவதற்காக அதன் மேல் படுக்கையாக ஒரு வளையம் வைத்தார்கள். நாலு சக்கரத்தோடு சேர்த்து அது ஐந்தாவது. இப்போதுள்ளது வட்டமாக இல்லாவிட்டாலும் வேலை அதேதான்.

கிரீஸ் வேண்டிய இடங்கள்: டிரெய்லரின் அடித்தட்டு உட்காரும் மேல்தட்டு, கிங்பின்னை (டிரெய்லரின் அடித்தட்டிலிருந்து கீழே நீட்டிக்கொண்டிருக்கும் இரும்பு முளை) கவ்விப் பிடிக்கும் லாக் தாடை, கிங்பின் கழுத்து. தட்டு முன்னும் பின்னும் சாய்வதற்கு இரண்டு பக்கமும் இரும்புப் பின் (முளை) இருக்கும். அதில் நிப்பிள் (கிரீஸ் கன்னை வைத்து அடிக்கும் சின்ன மூக்கு) இருந்தால் அங்கேயும் அடிக்கணும். ரப்பர் புஷ் உள்ளதாக இருந்தால் கிரீஸ் காட்டக் கூடாது, ரப்பர் ஊறி உப்பிவிடும்.

கேள்வி: லோடு ஏற்றினால் வளைவில் ஸ்டியரிங் கல் மாதிரி இருக்கிறது. திரும்பும்போது கீழே முனகல் சத்தமும் வருகிறது. ஃபிப்த் வீல்தான் காரணமா?

சத்தமும் சேர்ந்து வருவதால் பெரும்பாலும் அதுதான். டிரெய்லரின் முன்பக்க எடை முழுவதும் அந்தத் தட்டின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. வண்டி திரும்பும்போது இரும்பின் மேல் இரும்பு, அத்தனை டன் பாரத்தோடு தேய்ந்துகொண்டே சுழல வேண்டும். தட்டு காய்ந்திருந்தால் டிரெய்லர் திரும்ப மறுக்கும். நீங்கள் ஸ்டியரிங்கை ஒடித்தாலும் பின்னாலிருக்கும் பாரம் முன்வண்டியை நேராகத் தள்ளும். காய்ந்த ரோட்டில் முன் டயர் தேய்வதோடு போகும். மழை ரோட்டில் முன் சக்கரம் பிடிப்பை விட்டு, வண்டி வளைவுக்கு வெளியே போய்விடும். எனக்குப் பயம் இதில்தான்.

ஆனால் உறுதி செய்துகொள்ளுங்கள். டிரெய்லரைக் கழற்றிவிட்டு முன்வண்டியை மட்டும் ஓட்டிப் பாருங்கள். அப்போதும் கனமாக இருந்தால் டயர் காற்று, பவர் ஸ்டியரிங் ஆயில், முன் அச்சு என்று தேடணும். லேசாகிவிட்டால் தட்டைப் பாருங்கள். கண்ணாடி மாதிரிப் பளபளக்கும் திட்டுகளும் கீறல்களும் இருந்தால் அந்த இடத்தில் கிரீஸ் இல்லாமலே ஓடியிருக்கிறது.

கேள்வி: கடையில் பத்து வகை கிரீஸ் இருக்கிறது. எதை வாங்குவது?

டப்பாவில் மூன்று விஷயம் பாருங்கள். லித்தியம் அடிப்படை, இ.பி. என்ற எழுத்து, என்.எல்.ஜி.ஐ. 2 என்ற எண். இ.பி. என்றால் கடும் அழுத்தம் தாங்கும் சேர்மானம் உள்ளது. எண் கெட்டித்தன்மையைச் சொல்வது. 25 டிகிரி வெப்பத்தில் ஒரு கூம்பைக் கிரீஸில் இறக்கிச் சோதிப்பார்கள். அது 26.5 முதல் 29.5 மில்லிமீட்டர் வரை இறங்கினால் 2. உறைபனிக் குளிரில் ஓடும் வண்டிக்கு அதைவிட இளகிய 1 நல்லது.

இதோடு மாலிப்டினம் டைசல்ஃபைடோ கிராஃபைட்டோ கலந்த கறுப்பு கிரீஸ் கிடைத்தால் அதையே வாங்குங்கள். இரண்டுமே சீட்டுக்கட்டு போல அடுக்கடுக்கான பொருள்கள், ஓர் அடுக்கு இன்னொன்றின் மேல் வழுக்கும். பாரத்தில் எண்ணெய் பிதுங்கி வெளியே போன பிறகும் அந்தத் தூள் இரும்பில் ஒட்டிக்கொண்டு காப்பாற்றும். ஃபிப்த் வீலில் எண்ணெய் பிதுங்குவது தினப்படி நடப்பது, அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

வகையை மாற்றுவதாக இருந்தால் பழையதை முழுக்க எடுத்துவிட்டு மாற்றுங்கள். லித்தியம் கிரீஸோடு களிமண் அடிப்படை கிரீஸ் கலந்தால் இளகி ஒழுகிவிடும்.

கேள்வி: பழைய இன்ஜின் ஆயில் சும்மா கிடக்கிறதே, அதை ஊற்றினால் என்ன?

வேண்டாம். பாரம் ஏறியதும் வழிந்துவிடும், மழையில் மிச்சமும் போய்விடும். அதிலுள்ள உலோகத் துகளும் கரியும் தட்டில் தங்கும். சொட்டுவது மண்ணிலும் ரோட்டிலும் கலக்கும்.

கேள்வி: நான் பழையதன் மேலேயே புதுசை அப்பிவிடுவேன். எங்கள் பக்கம் எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள். தப்பா சார்?

தப்புதான். இத்தனை கேள்வியில் இதற்குத்தான் நீளமாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

வெளியே தெரியும் கிரீஸில் தூசியும் மணலும் வந்து ஒட்டும். நாள்பட்டால் அது கிரீஸ் அல்ல, உப்புத்தாள். அதன் மேல் புதியதை அப்பினால் மணலைத் தட்டுக்குள் இன்னும் அழுத்துகிறோம், அவ்வளவுதான்.

ஹெல்பராக இருந்தபோது பார்த்ததைச் சொல்கிறேன். ஒரு வண்டியை டிரெய்லரில் கோத்தார்கள். ‘டக்’கென்று சத்தம் கேட்டது, லாக் விழுந்துவிட்டது என்று டிரைவர் நம்பினார். நல்ல வேளையாக டிரெய்லரின் தாங்கு காலை இன்னும் தூக்கவில்லை. வண்டியை முன்னே எடுத்ததும் கிங்பின் நழுவி வெளியே வந்து, டிரெய்லர் ஒரு சாண் இறங்கித் தாங்கு காலில் நின்றது. டார்ச் அடித்துப் பார்த்தோம். லாக் தொண்டையின் மூலையில் பழைய கிரீஸும் மணலும் இறுகி, கறுப்பு மெழுகு மாதிரி கட்டைவிரல் பருமனுக்கு அடைத்திருந்தது. தாடை முக்கால்வாசிதான் மூடியிருந்தது. கைப்பிடியும் முழுதாக உள்ளே போகவில்லை. வெளியே வழிந்திருந்த கிரீஸில் அது யார் கண்ணுக்கும் படவில்லை. ஸ்க்ரூடிரைவரால் நோண்டியெடுத்த அந்தக் கட்டியைப் பட்டறைப் பெரியவர் என் உள்ளங்கையில் வைத்தார். அதற்குள் ஒரு சின்னக் கூழாங்கல்லும் இருந்தது.

அதனால் முறை இதுதான். டிரெய்லரைக் கழற்றுங்கள், சக்கரத்துக்குக் கட்டை போடுங்கள், இன்ஜினை அணைத்துவிடுங்கள். பட்டி பிளேடால் தட்டைச் சுரண்டுங்கள். தட்டிலுள்ள பள்ளக் கோடுகளை விடாதீர்கள், புது கிரீஸ் பரவ வேண்டிய வாய்க்கால் அதுதான். பிறகு பனியன் வேஸ்ட்டில் மண்ணெண்ணெயோ டிகிரீசரோ தொட்டு, இரும்பு தெரியும்வரை துடையுங்கள். தாடையின் உள்பக்கம், ஸ்பிரிங், கைப்பிடிக் கம்பி எல்லாவற்றையும் துடைத்ததும் விரிசல் உண்டா, போல்ட் தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். கிரீஸ் மூடியிருக்கும்போது இவை ஒன்றும் தெரியாது. டிரெய்லரின் அடித்தட்டையும் கிங்பின்னையும் அதே மாதிரி துடைக்கணும், அதை மறப்பவர்கள்தான் அதிகம்.

லாக் வாய்க்குள் விரலை விடாதீர்கள். ஸ்பிரிங் விசையில் தாடை அடித்து மூடினால் விரல் போய்விடும். மூடிப் பார்க்க வேண்டுமானால் நீளமான கம்பியால் தட்டுங்கள்.

கேள்வி: எவ்வளவு கிரீஸ் போடணும்?

தட்டு முழுவதும் மெல்லிய சீரான பூச்சு, பள்ளக் கோடுகள் நிறையும் அளவு. தாடையிலும் கிங்பின்னிலும் ஒரு பூச்சு. வழிந்து தொங்கினால் அது கூடுதல். அந்தக் கூடுதல் சேஸிஸிலும் காற்றுக் குழாய்களிலும் விழுந்து தூசியைச் சேர்க்கும்.

கைப்பிடிக்கும் லாக் ஸ்பிரிங்குக்கும் கெட்டி கிரீஸ் வேண்டாம், லேசான ஆயில் போதும். குளிரில் கிரீஸ் இறுகினால் ஸ்பிரிங் மந்தமாகி லாக் பாதியில் நின்றுவிடும்.

கேள்வி: மாதக்கணக்கில் டிரெய்லரைக் கழற்றுவதே இல்லை. கோத்தபடியே கிரீஸ் கன்னால் அடித்தால் போதுமா?

தட்டில் நிப்பிள் இருந்தால் அடிக்கலாம். ஆனால் பாரம் அழுத்திக்கொண்டிருக்கும்போது கிரீஸ் சுலபமான வழியில் பிதுங்குமே தவிர எங்கும் பரவாது. தாங்கு காலை இறக்கி, தட்டின் மேலுள்ள எடை குறையும்வரை டிரெய்லரைக் கொஞ்சம் தூக்கிவிட்டு அடியுங்கள். பிறகு இறக்கி, தாங்கு காலை முழுக்க மேலே ஏற்றிவிட்டு, மெதுவாக இரண்டு பக்கமும் திருப்பி ஓட்டினால் பரவும். இது இடைக்கால ஏற்பாடு. கழற்றித் துடைப்பதற்கு ஈடாகாது.

கேள்வி: ஐயா, பிக்கப்பின் பின்னால் இழுக்கும் கேரவன் டிரெய்லர் வைத்திருக்கிறேன். கிங்பின்னில் மாட்டும் பிளாஸ்டிக் தட்டு போட்டால் கிரீஸே வேண்டாம் என்கிறார்கள்.

பாதி உண்மை. அந்த வழுக்குத் தட்டு நல்ல சரக்கு, உங்கள் மாதிரி எடை குறைந்த டிரெய்லருக்கு நன்றாகவே உழைக்கும். மேல்தட்டுக்கு கிரீஸ் தேவைப்படாது, துணியும் கையும் அழுக்காகாது. ஆனால் தாடைக்கும் கிங்பின்னுக்கும் கிரீஸ் வேண்டும்.

மாட்டும் முன் ஒன்றைப் பாருங்கள். பிளாஸ்டிக் தட்டின் பருமன் அளவுக்கு டிரெய்லர் உயரும், கிங்பின்னும் அவ்வளவு மேலே போகும். தாடை கழுத்தில் சரியாகக் கவ்வுகிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்த பிறகே ரோட்டில் ஏற்றுங்கள். தட்டு விளிம்பு கிழிந்தோ பள்ளம் விழுந்தோ இருந்தால் மாற்றிவிடுங்கள்.

கேள்வி: பிரேக் போட்டால் பின்னாலிருந்து ‘டங்’கென்று இடிக்கிறது. கிரீஸ் கூடப் போட்டும் நிற்கவில்லை.

அது கிரீஸால் நிற்காது. லாக்குக்கும் கிங்பின்னுக்கும் நடுவே ஆட்டம் விழுந்திருக்கிறது. பொதுவாகப் பயன்படும் 2 அங்குல கிங்பின்னின் கழுத்து புதிதில் 50.8 மில்லிமீட்டர். துடைத்துவிட்டுக் காலிப்பரால் அளந்து பாருங்கள், சுற்றி இரண்டு மூன்று திசையில் அளக்கணும், ஏனென்றால் தேய்மானம் ஒருபக்கமாகத்தான் இருக்கும். 49-க்கு வந்துவிட்டால் கிங்பின்னை மாற்றும் நேரம். கிங்பின் நன்றாக இருந்தால் லாக்கைச் சரிசெய்யணும், அதற்கான திருகு பல மாடல்களில் உண்டு. இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி: என்னுடையது சின்ன டிரெய்லர், பந்து ஹிட்ச். பந்துக்கும் கிரீஸ் உண்டா?

பந்தின் மேல் கவிழ்ந்து உட்காருவது சாதாரணக் கிண்ணமாக இருந்தால் லேசாகப் பூசுங்கள். ஆட்டத்தை அடக்கும் உராய்வுப் பட்டை உள்ள ஹிட்சாக இருந்தால் ஒரு துளிகூட ஆகாது. அந்தப் பட்டை பந்தைப் பிடித்தால்தான் டிரெய்லர் அலையாது. கிரீஸ் பட்டுவிட்டால் பந்தைச் சுத்தமாகத் துடைத்து, ஊறிய பட்டையை மாற்றத்தான் வேண்டும்.

கேள்வி: எத்தனை நாளுக்கு ஒருமுறை?

தயாரிப்பாளரின் கையேட்டில் கிலோமீட்டர் கணக்கு இருக்கும், முதலில் அதுதான். என் பழக்கத்தைக் கேட்டால், கழற்றும்போதெல்லாம் தட்டைப் பார்ப்பேன், மாதம் ஒருமுறை சுரண்டித் துடைத்துப் புதிதாகப் பூசுவேன். மணல், சிமென்ட், கல் குவாரி என்று ஓடும் வண்டிக்கு இரண்டு வாரம். உயர் அழுத்தத் தண்ணீரில் வண்டியைக் கழுவினால் அன்றைக்கே மறுபடி பூசணும். தண்ணீர் கிரீஸை அரித்துக்கொண்டு போயிருக்கும், மறுநாள் காலையில் தட்டில் துரு தெரியும்.

பூசிவிட்டுக் கோத்ததும் டிரெய்லருக்கு அடியில் குனிந்து பாருங்கள். தட்டுக்கும் டிரெய்லருக்கும் நடுவே வெளிச்சம் தெரியக் கூடாது, தாடை கிங்பின்னின் பின்னால் மூடியிருக்கணும், கைப்பிடி முழுக்க உள்ளே போயிருக்கணும். டிரெய்லர் பிரேக்கைப் போட்டுவிட்டு முன்வண்டியால் மெல்ல இழுத்துப் பாருங்கள். அசையாமல் நின்றால் தாங்கு காலைத் தூக்கலாம்.