தண்டப் பத்திரமும் நீதிமன்றத் தவணையும்: வாசகர் கேள்விகளுக்குச் சட்டத்தரணியின் பதில்கள்

கேள்வி: அன்புள்ள ஐயா, 19 வயதான என் மகனைச் சென்ற மாதம் திருகோணமலை அநுராதபுரச் சந்தியில் மறித்த பொலிஸார், தலைக்கவசம் இல்லாமல் மோட்டார் சைக்கிள் ஓட்டியதற்காகத் தண்டப் பத்திரம் எழுதிக் கொடுத்து, அவனுடைய சாரதி அனுமதிப்பத்திரத்தை வாங்கி வைத்துக்கொண்டார்கள். எனக்குப் பயந்து அவன் அந்தத் தாளைப் பாடப் புத்தகத்துக்குள் ஒளித்துவிட்டான். நான் கண்டெடுத்தபோது 33 நாட்கள் கடந்திருந்தன. தபாலகத்தில் பணத்தை ஏற்க மறுத்துவிட்டார்கள். பிள்ளையை மறியலில் போட்டுவிடுவார்களோ என்று எனக்கு நித்திரையே இல்லை. என்ன செய்வது?
— ஒரு தாய், உவர்மலை

பதில்: அம்மா, முதலில் நிம்மதியாக நித்திரை கொள்ளுங்கள். தலைக்கவசம் அணியாத ஒரு குற்றத்தை ஒப்புக்கொண்டு, நீதவான் விதிக்கும் தண்டப்பணத்தைக் கட்டுகிற பிள்ளையை எவரும் மறியலுக்கு அனுப்புவதில்லை. ஆனால் இனி ஒரு நாளையும் வீணாக்க வேண்டாம்.

தபாலகம் ஏன் மறுத்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். தண்டப் பத்திரம் கிடைத்த நாளிலிருந்து 14 நாட்களுக்குள் அதில் எழுதப்பட்ட தொகையைத் தபாலகத்தில் கட்டலாம். அதற்குப் பின் 28 ஆம் நாள் வரை இரு மடங்காகக் கட்டலாம். அந்த எல்லையும் தாண்டிவிட்டால் விடயம் தபாலகத்தின் கையை விட்டு நீங்கி, நீதவான் நீதிமன்றத்தில் வழக்காகத் தாக்கல் செய்யப்படும். 2018 ஜூலை 15 முதல் நடைமுறைக்கு வந்த 33 குற்றங்களின் பட்டியலில் தலைக்கவசம் அணியாமைக்குரிய தொகை 1,000 ரூபாய்தான். தாளை அன்றே உங்களிடம் காட்டியிருந்தால் மறுநாள் காலையில் முடிந்திருக்கக்கூடிய காரியம், பிள்ளையின் பயத்தால் இவ்வளவு தூரம் வந்துவிட்டது. அவனை ஏச வேண்டாம். ஏச்சுக்குப் பயந்துதான் தாள் புத்தகத்துக்குள் போனது.

இப்போது நீங்களும் மகனும் அந்தத் தாளையும் அவனுடைய தேசிய அடையாள அட்டையையும் எடுத்துக்கொண்டு, தாளை எழுதிய பொலிஸ் நிலையத்தின் போக்குவரத்துப் பிரிவுக்குச் செல்லுங்கள். வழக்குத் தாக்கல் செய்யப்பட்டுவிட்டதா, வழக்கு இலக்கம் என்ன, எந்த நீதிமன்றம், தவணை என்றைக்கு என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அழைப்பாணை வீட்டுக்கு வரட்டும் என்று காத்திருப்பது பெரிய தவறு, ஏனென்றால் முகவரி பிழைத்து அழைப்பாணை வந்து சேராமல் போனவர்களுடைய வழக்குகளை நான் அடிக்கடி பார்க்கிறேன். தவணை நாளில் காலை ஒன்பது மணிக்கு முன்னதாகவே மன்றில் இருக்க வேண்டும். பெயர் கூப்பிட்டதும் எதிரிக்கூண்டில் (எதிரி, அதாவது குற்றஞ்சாட்டப்பட்டவர், நிற்கும் கூண்டில்) ஏறி, குற்றச்சாட்டு வாசிக்கப்பட்ட பின் குற்றவாளி என்று ஒப்புக்கொண்டு, தாமதத்துக்கான உண்மைக் காரணத்தை அவனே தன் வாயால் சொல்லட்டும். மன்று விதிக்கும் தொகை தாளில் உள்ளதை விடக் கூடுதலாக இருக்கலாம் என்பதால் கையில் சற்று அதிகமாகப் பணம் வைத்திருங்கள். கட்டிய பற்றுச்சீட்டைக் காட்டி அனுமதிப்பத்திரத்தைத் திரும்பப் பெறலாம்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அந்தத் தாள் தற்காலிக அனுமதிப்பத்திரமாகச் செல்லுபடியாவது 14 நாட்களுக்கு மட்டுமே. அனுமதிப்பத்திரம் கைக்கு வரும்வரை மகன் மோட்டார் சைக்கிளைத் தொடக்கூடாது. பெற்றோர் பலரும் குழப்பிக்கொள்கிற ஒன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும்: அனுமதிப்பத்திரத்தை வீட்டில் மறந்து வைத்துவிட்டு ஓட்டுவது 1,000 ரூபாய்ப் பட்டியலில் உள்ள குற்றம், அனுமதிப்பத்திரமே பெறாமல் ஓட்டுவது, 2019 ஆம் ஆண்டின் திருத்தச் சட்டத்துக்குப் பின், 25,000 ரூபாய்க்குக் குறையாத தண்டத்துக்குரிய குற்றம். அதைத் தபாலகத்தில் கட்டித் தீர்க்கவும் முடியாது.

கேள்வி: நான் ஓட்டோ ஓட்டிப் பிழைப்பவன். ஆறு நாட்களுக்கு முன்னர் கண்டி வீதியில் மறித்து, வேகமாக ஓடியதாகத் தாள் எழுதினார்கள். எழுதியது முழுவதும் சிங்களம். எனக்கு ஓர் எழுத்தும் விளங்கவில்லை. கையொப்பம் இடச் சொன்னார்கள், இட்டேன். நான் 45 இல்தான் ஓடினேன். நகருக்குள் 50 வரை ஓடலாம் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதானே? விளங்காத தாளில் கையொப்பம் வாங்கியது சரியா? வழக்காடினால் வெல்வேனா?
— வாசகர், பாலையூற்று

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தில் இரண்டு விடயங்கள் கலந்திருக்கின்றன. ஒன்றில் நியாயம் முழுவதும் உங்கள் பக்கம், மற்றதில் இல்லை. இரண்டையும் பிரித்துப் பார்க்காவிட்டால் முதலாவதன் கோபத்தில் இரண்டாவதில் பணத்தை இழப்பீர்கள்.

அரசியலமைப்பின்படி வடக்கு, கிழக்கு மாகாணங்களில் தமிழ் நிர்வாக மொழி. ஓர் அரச அலுவலரோடு தமிழில் அலுவல் பார்க்கவும், அவரிடமிருந்து தமிழில் எழுத்துகளைப் பெறவும் உங்களுக்கு உரிமை உண்டு. ஆகவே, தாளை நீட்டும்போதே, “ஐயா, எனக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியாது, என்ன குற்றம் எழுதியிருக்கிறீர்கள் என்று தமிழில் சொல்லுங்கள்” என்று மரியாதையாகக் கேட்பது எதிர்த்துப் பேசுவது ஆகாது. இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவர்கள்கூட அதைக் கேட்கத் தயங்குவது எனக்கு மிகுந்த வேதனை தருகிறது. நீதிமன்றத்திலும் இதே நிலைதான். நடவடிக்கைகளில் தமிழிலோ சிங்களத்திலோ பங்குபற்றும் உரிமையையும், மன்றில் பயன்படும் மொழி விளங்காத ஒருவருக்கு அரச செலவில் மொழிபெயர்ப்புப் பெறும் உரிமையையும் 24 ஆம் உறுப்புரை தருகிறது. கையொப்பம் இட்டுவிட்டதால் எல்லாம் முடிந்துவிட்டது என்றும் எண்ண வேண்டாம். பணத்தைக் கட்டாமல் விட்டால் வழக்கு நீதவான் முன் செல்லும். அங்கே நீங்கள் சுற்றவாளி என்று சொல்லி விசாரணை கேட்கலாம்.

அந்த விசாரணையில் நீங்கள் என்ன சொல்லப் போகிறீர்கள் என்பதுதான் கேள்வி. நகருக்குள் 50 என்பது கார்களுக்கும் மோட்டார் சைக்கிள்களுக்கும் உரிய எல்லை. முச்சக்கர வண்டிக்கு, நகருக்கு உள்ளேயும் வெளியேயும், மணிக்கு 40 கிலோமீற்றர்தான். நான் 45 இல்தான் ஓடினேன் என்று நீங்கள் எதிரிக்கூண்டில் நின்று சொன்னால், பொலிஸார் சாட்சி அழைக்கவே தேவையில்லை. உங்கள் வாக்குமூலமே குற்றத்தை நிரூபித்துவிடும். ஆகவே எட்டு நாட்கள் இன்னும் மிஞ்சியிருக்கையில் தபாலகத்தில் கட்டிவிடுங்கள் என்பதே என் அறிவுரை. விசாரணைக்குப் போகும் ஒரு வழக்கு பல தவணைகள் இழுபடும். ஒவ்வொரு தவணையும் உங்களுக்கு ஒரு நாள் உழைப்பு. ஓட்டோவே ஓடாத நேரத்தில் வேகம் எழுதினார்கள், வேறொருவருடைய வண்டி இலக்கத்தை மாறி எழுதினார்கள் என்பது போன்ற உண்மையான தவறு இருந்தால் நான் வேறு விதமாகச் சொல்லியிருப்பேன். அப்போது குற்றத்தைச் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்கும் பொறுப்பு முறைப்பாட்டாளர் தரப்புக்குரியது. வேகத்தை அளந்த கருவி பற்றியும் அதை இயக்கிய அலுவலர் நின்ற இடம் பற்றியும் குறுக்குக் கேள்வி கேட்க உங்கள் தரப்புக்கு உரிமை உண்டு.

மன்றுக்குப் போகிற எல்லோருக்குமாக ஒன்று. 1979 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 182 ஆம் பிரிவின்படி, குற்றச்சாட்டின் விபரத்தை எதிரிக்குச் சொல்லி, அவரைக் குற்றவாளியாகக் காணாதிருக்கக் காரணம் உண்டா என்று நீதவான் கேட்க வேண்டும். நம்மவர்கள் நீதவானைக் கண்ட பதற்றத்தில் எதைக் கேட்டாலும் “ஓம் ஐயா” என்று விடுகிறார்கள். அந்த ஓமுக்கு மன்றில் பெரிய விலை உண்டு. ஒரே மறிப்பில் இரண்டு மூன்று குற்றச்சாட்டுகள் எழுதப்பட்டிருந்தால், ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே பதில் சொல்லலாம். செய்ததை ஒப்புக்கொண்டு செய்யாததை மறுக்கலாம். விளங்காவிட்டால், “விளங்கவில்லை ஐயா, இன்னொரு முறை சொல்லுங்கள்” என்று கேளுங்கள். அவசரத்தில் ஒப்புக்கொண்டுவிட்டு, வெளியே வந்து மேன்முறையீடு பற்றிக் கேட்பவர்களுக்கு நான் கொடுக்கக்கூடிய உதவி மிகக் குறுகியது.

கேள்வி: காப்புறுதி முடிந்த மோட்டார் சைக்கிளை ஓட்டியதற்காக என்மீது திருகோணமலை நீதவான் நீதிமன்றத்தில் வழக்கு இருந்தது. கொழும்பில் வேலை கிடைத்து அவசரமாகப் போனதால் தவணைக்குச் சமுகமளிக்கவில்லை. இப்போது நிலாவெளியில் உள்ள வீட்டுக்குப் பொலிஸார் வந்து என்னைத் தேடிவிட்டுப் போனதாக அம்மா அழுகிறார். ஊருக்கே வராமல் இருந்தால் வழக்கு ஆறிப்போகுமா?
— வாசகர், கொழும்பு 13

பதில்: ஆறாது. அழைப்பாணைக்குப் பணியாத எதிரிக்குப் பிடியாணை பிறப்பிப்பது வழமை. உங்கள் விடயத்திலும் அதுவே நடந்திருக்க வேண்டும். பிடியாணை மீளப்பெறப்படும்வரை நிலுவையில் இருக்கும்; நீங்கள் அதை மறந்துபோன ஒரு நாளில், வேறொரு காரணத்துக்காக மறிக்கப்படும் வீதித் தடையிலே அது உங்களைப் பிடித்துக்கொள்ளும்.

நீங்களாக வருவதற்கும் பொலிஸார் கொண்டுவருவதற்கும் நீதவானின் பார்வையில் பெரிய வேறுபாடு உண்டு. திருகோணமலையில் ஒரு சட்டத்தரணியைத் தொடர்புகொண்டு, நகர்த்தல் பத்திரம் (மன்றுக்குக் கொடுக்கும் எழுத்து விண்ணப்பம்) மூலம் வழக்கை முன்கூட்டியே அழைப்பித்து, அன்று நீங்களும் நேரில் மன்றில் சரணடையுங்கள். வேலைக்கு நியமித்த கடிதத்தையும் பயணச் சீட்டையும் சமர்ப்பித்து, பிடியாணையை மீளப்பெறுமாறு விண்ணப்பிக்கலாம். அதற்கு முன் காப்புறுதியைப் புதுப்பித்துச் சான்றிதழைக் கையில் வைத்திருங்கள். காப்புறுதியின்றி ஓட்டுவதற்கும் 2019 திருத்தத்தின் பின் தண்டம் கடுமையானது என்பதால், பணத்தையும் ஒழுங்குசெய்துகொண்டே வாருங்கள். அம்மாவிடம் நீங்கள் வரும் நாளைச் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: நீதிமன்ற வாசலில் ஒருவர், மூவாயிரம் தந்தால் உள்ளே பேசி வழக்கை இல்லாமல் செய்கிறேன் என்கிறார். நம்பலாமா?
— வாசகி, சீனக்குடா

பதில்: நம்ப வேண்டாம். ஒரு வழக்கை முடிக்கும் அதிகாரம் நீதவானுக்கே உண்டு. உங்கள் சார்பில் பேசும் உரிமை சட்டத்தரணிக்கு மட்டுமே உண்டு. பற்றுச்சீட்டு இல்லாத தண்டப்பணம் என்று ஒன்றும் இல்லை. கொடுப்பவரும் குற்றவாளியாகும் காரியம் இது. இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் 1954 என்ற இலக்கத்துக்கு அறிவியுங்கள்.

கேள்வி: மத்திய வீதியில் நடைபாதையில் மரக்கறி வைத்து விற்ற என் தகப்பனாருக்கு 71 வயது. பாதசாரிகளுக்கு இடைஞ்சல் செய்ததாக அழைப்பாணை வந்திருக்கிறது. இதுவரை ஒரு பொலிஸ் நிலையத்தின் படியைக்கூட ஏறாதவர். தண்டம் கட்ட வீட்டில் பணமும் இல்லை.
— மகள், லிங்கநகர்

பதில்: மகளே, அவரைத் தனியே அனுப்பாமல் நீங்களும் கூடப் போங்கள். மேலே சொன்ன குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 306 ஆம் பிரிவு, குற்றச்சாட்டு நிரூபிக்கப்பட்டாலும், எதிரியின் வயது, உடல்நிலை, முன் நடத்தை, குற்றத்தின் சிறுமை ஆகியவற்றைக் கருத்திற்கொண்டு, குற்றத்தீர்ப்பு அளிக்காமலே எச்சரித்தோ நிபந்தனையோடு பிணைமுறியில் வைத்தோ விடுவிக்க நீதவானுக்கு இடமளிக்கிறது. உங்கள் தகப்பனாரைப் போன்றவர்களுக்காகவே எழுதப்பட்ட பிரிவு என்று நான் மனதார நம்புகிறேன். ஆனால் கேட்காமல் அது கிடைப்பது அரிது. தண்டமே விதிக்கப்பட்டாலும், கட்டுவதற்குக் கால அவகாசமும் தவணைமுறையும் கேட்கலாம். கேட்காமல் பேசாதிருந்து, கட்டவும் முடியாமல் போனால்தான் அதற்குப் பதிலான சிறைத்தண்டனை முன்னால் வந்து நிற்கும்.

வருமானம் குறைந்தவர்களுக்கு இலவச ஆலோசனை வழங்கும் சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகம் திருகோணமலையில் இருக்கிறது. தவணைக்கு ஒரு வாரம் முன்னதாகவே அங்கே சென்று, அழைப்பாணை, கிராம உத்தியோகத்தரின் வருமானக் கடிதம், அவருடைய கிளினிக் கொப்பி, அடையாள அட்டை ஆகியவற்றைக் காட்டுங்கள். கிளினிக் கொப்பியை வழக்கு அழைக்கப்படுவதற்கு முன்பே சட்டத்தரணியின் கையில் கொடுத்துவிடுங்கள். எதிரிக்கூண்டில் நிற்கும் முதியவர் அதை மடியிலிருந்து தேடி எடுப்பதற்குள் அடுத்த வழக்கைக் கூப்பிட்டுவிடுவார்கள்.