சத்துணவுப் பணியாளர் பயிற்சிப் பதிவேட்டில் ஆதார் எண் எதற்கு?

சமையலர், உதவியாளர் யார் யார் சுகாதாரப் பயிற்சி முடித்தார்கள் என்று எக்செல்லில் குறிக்கும்போது தரவுப் பாதுகாப்பு என்றால் என்ன என்பதுதான் கேள்வி. இன்னார் என்று அடையாளம் காட்டும் எதுவும் தனிநபர் தரவுதான். வேலைக்கு வேண்டியதை மட்டும் வாங்கி, வேண்டியவர் கண்ணில் மட்டும் படும்படி வைப்பதே பாதுகாப்பு.

கோபிச்செட்டிபாளையம் பக்கம் கல்யாணத்தில் மொய் எழுதுபவர் பெயர், ஊர், தொகை கேட்பார். பேங்க் பாஸ்புக்கை நீட்டச் சொன்னால் விடுவோமா? பயிற்சிக்கும் பெயர், மையம், தேதி, அடுத்த பயிற்சி எப்போது என்பது போதும். 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், சம்மதம் கேட்டு வாங்கும் விவரம் சொன்ன காரியத்துக்குத் தேவையான அளவோடு நிற்க வேண்டும் என்கிறது.

காரணம் எளிது. கைபேசி எண், ஆதார், வங்கிக் கணக்கு மூன்றும் ஒரே வரிசையில் கசிந்தால், “அக்கா, உங்க சம்பளம் நின்னிருக்குங்க, ஓடிபி சொல்லுங்க” என்று நம்பும்படி பேச ஒருவனுக்கு அதுவே போதும். ஆதார் கட்டாயம் வேண்டுமென்றால் (பயிற்சிக்கு எதற்கென்று எனக்குப் புரியவில்லை) கடைசி 4 இலக்கம் மட்டும் தெரியும் மறைத்த நகலை வாங்குங்கள்.

“பாஸ்வேர்டு போட்டாச்சே” என்பார்கள். பாஸ்வேர்டு தெரிந்த உள்ளிருப்பவரே அதே கோப்பைப் பாஸ்வேர்டோடு வாட்ஸ்அப் குழுவில் போட்டால் அது எதையும் தடுக்காது.