பூனைத் துப்பறியும் நாவல்கள்: 29-ஐயும் மொத்தமாக வாங்கலாமா?

கேள்வி: அம்மாவுக்கு அடுத்த மாதம் எழுபது வயது நிறைகிறது. ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், ஆங்கில நாவல்கள் நிறையப் படிப்பார். போன வருடம் வீட்டுக்கு ஒரு பூனை வந்ததிலிருந்து அதுதான் அவருக்கு உலகம். லிலியன் ஜாக்சன் பிரௌன் எழுதிய ‘த கேட் ஹூ’ வரிசையை முழுசாக வாங்கிக் கொடுக்கலாம் என்று பார்த்தேன். பழைய புத்தகமாக 29 நாவல்களும் 180 சிங்கப்பூர் வெள்ளிக்குக் கிடைக்கின்றன. ஆனால் படித்தவர்கள் சொல்வதைக் கேட்டால் குழப்பமாக இருக்கிறது. ஒருவர் ‘மனசுக்கு இவ்வளவு இதமான கதை வேறு இல்லை’ என்கிறார். இன்னொருவர் ‘கதையே கிடையாது, பாதியில் மூடிவைத்துவிட்டேன்’ என்கிறார். யாரை நம்புவது?
– செங்காங் வாசகி

பதில்: இரண்டு பேரையும் நம்பலாம். அவர்கள் படித்தது ஒரே புத்தகமாக இருந்திருக்காது, அவ்வளவுதான். இவ்வளவு நீளமான வரிசையைப் பற்றி யார் என்ன சொன்னாலும், எந்த வருடத்துப் புத்தகத்தைச் சொல்கிறார் என்பதை முதலில் பாருங்கள். பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

முதல் மூன்று நாவல்கள் 1966, 1967, 1968-இல் வந்தவை. குவில்லரன் என்ற பத்திரிகை நிருபர் அதில் நாயகன். குடியிலிருந்து மீண்டவர், மணமுறிவு ஆனவர், கையில் காசில்லாமல் பெருநகரப் பத்திரிகை ஒன்றில் மறுபடி வேலைக்குச் சேர்கிறார். குற்றச் செய்தி எழுதிப் பழகியவரை ஓவியக் கண்காட்சி பற்றி எழுத அனுப்புகிறார்கள். அங்கேதான் கோக்கோ என்ற சயாமியப் பூனை அவரிடம் வந்து சேர்கிறது. யம் யம் என்ற பெண் பூனை இரண்டாம் புத்தகத்தில் வருகிறது. இந்த மூன்றும் கச்சிதமானவை. கொலை, சந்தேகம், துப்பு, முடிச்சு அவிழ்வது எல்லாம் ஒழுங்காக இருக்கும். பிரௌன் தாமே டெட்ராய்ட் நாளிதழ் ஒன்றில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவர், அதனால் அந்தச் செய்தி அறைக்கு உயிர் இருக்கிறது.

அப்புறம் 18 ஆண்டுகள் ஒன்றும் வரவில்லை. 1986-இல் நான்காம் நாவல் வந்தது, அதையும் சேர்த்து 2007 வரை இன்னும் 26. ஐந்தாம் நாவலில் குவில்லரன் வடக்கே மூஸ் கவுண்டி என்ற கற்பனைப் பகுதிக்குப் போகிறார். அங்கே பெரும் சொத்து அவருக்கு வந்து சேர, அந்த ஊரிலேயே தங்கிவிடுகிறார். வாசகர்கள் இரண்டாகப் பிரிவது இதற்குப் பிறகுதான். நூலகர் பாலி, பழைய ஆப்பிள் களஞ்சியத்தை மாற்றிக் கட்டிய வீடு, நாடகக் குழு, ஊர் விருந்து, பனிப்புயல் என்று ஊர்க்கதை பெருகப் பெருகக் குற்றம் பின்னால் போய்விடுகிறது. புதிரை அவிழ்க்க வந்தவர் ‘கதையே இல்லை’ என்று எரிச்சலாவது நியாயம். அந்த ஊரில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வரலாம் என்று போகிறவருக்கு அதுவேதான் இதம்.

கடைசி எட்டு, அதாவது 2000 முதல் 2007 வரை வந்தவை, மெலிந்தவை என்பது என் கருத்தும்கூட. ஊர்ப்பேச்சும் கடிதங்களும் பக்கத்தை நிரப்புகின்றன, கொலைக்குக் காரணம் கடைசியில் இரண்டு பத்தியில் முடிந்துவிடுகிறது. பிரௌன் 1913-இல் பிறந்தவர், கடைசி நாவல் வந்தபோது தொண்ணூறைத் தாண்டியிருந்தார். அந்த வயதிலும் எழுதினாரே என்று எனக்கு அவர்மேல் மதிப்பு அதிகம். ஆனால் காசு கொடுத்து வாங்குகிறவரிடம் உள்ளதைச் சொல்ல வேண்டும்.

பூனைகள் விஷயத்தில் அம்மா ஏமாற மாட்டார். இதில் பூனை பேசாது. கோக்கோ அலமாரியிலிருந்து ஒரு புத்தகத்தைத் தட்டிவிடும், நேரங்கெட்ட நேரத்தில் கத்தும், சிலர் பக்கத்தில் போக மறுக்கும். அதைத் துப்பு என்று எடுத்துக்கொள்வதும் விடுவதும் குவில்லரன் பாடு. பூனை வளர்த்தவர் எழுதியது என்பது வரிக்கு வரி தெரியும். பிரௌன் பூனைக் கதை எழுத ஆரம்பித்ததே ஒரு துக்கத்தில்தான். அவர் ஆசையாக வளர்த்த சயாமியப் பூனை பத்தாவது மாடிச் சன்னலிலிருந்து விழுந்து இறந்தது. யாரோ தள்ளிவிட்டதாக அவர் நம்பினார். அந்த வேதனையில் எழுதிய சிறுகதை 1962-இல் வெளியானது. 2024 செப்டம்பரிலிருந்து நம் வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீடுகளில் இரண்டு பூனைகள் வரை வளர்க்க அனுமதி வந்துவிட்டது. அம்மா வீட்டுச் சன்னலுக்கு வலை போடவில்லையென்றால், புத்தகத்துக்கு முன்னால் அதைச் செய்யுங்கள்.

இனி விலை. 180 வெள்ளியை 29-ஆல் வகுத்தால் புத்தகத்துக்கு ஆறு வெள்ளி சொச்சம், மலிவாகத்தான் தெரியும். அம்மா பத்தோடு நிறுத்திவிட்டால் படித்த ஒவ்வொன்றும் 18 வெள்ளி. அதனால் மொத்தமாக வாங்காதீர்கள். தேசிய நூலக வாரியத்தின் இணையப் பட்டியலில் முதல் நாவலையும், 1986, 87-இல் வந்தவற்றில் ஒன்றையும் தேடிப் பாருங்கள். அச்சில் கிடைக்காவிட்டால், நூலக மின்னூல்களை இரவல் எடுக்கும் லிப்பி செயலியில் பாருங்கள். மூன்று வாரத் தவணையில் அம்மாவின் முகமே பதில் சொல்லிவிடும். பிறந்தநாளுக்குக் கையில் ஏதாவது கொடுத்தாக வேண்டும் என்றால் முதல் ஆறு நாவல்கள் போதும். ஊர் மாறுவது, சொத்து வருவது எல்லாம் அதற்குள் வந்துவிடும். பிடித்தால் பிறகு வரிசையாக வாங்கலாம், 2000-ஐத் தொடும்போது மறுபடி யோசிக்கலாம்.

இன்னொன்று. பழைய அமெரிக்கப் பாக்கெட் பதிப்புகளில் எழுத்து பொடிசு. எழுபது வயதுக் கண்ணுக்கு ஒரு பக்கத்தைக் காட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். சிரமம் என்றால் எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்க மின்னூல்தான் நல்லது. ஜார்ஜ் கைடால் குரலில் ஒலி நூல்களும் இருக்கின்றன. புதுப் பிரதியை வெளிநாட்டிலிருந்து தருவித்தால் கணக்கில் வரியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். 400 வெள்ளிக்குள் இருந்தால் ஜிஎஸ்டி இல்லை என்பது 2022-ஓடு போய்விட்டது. இங்கே பதிந்துகொண்ட வெளிநாட்டு விற்பனையாளர்கள் இப்போது 9 விழுக்காடு வசூலிக்கிறார்கள்.

கேள்வி: இதே வரிசையை ‘முழு செட், 30 புத்தகம், நல்ல நிலை’ என்று விளம்பரம் போட்டிருந்த ஒரு தனிநபரிடம் வாங்கினேன். எண்ணினால் 30 இருக்கிறது. ஆனால் மூன்று நாவல்களைச் சேர்த்துக் கட்டிய தடித்த பதிப்பு ஒன்றும், அதே மூன்று தனித்தனியாகவும் இருக்கின்றன. இரண்டு நாவல்கள் இல்லவே இல்லை. சிலவற்றில் பக்கம் கழன்று வருகிறது. கேட்டால் ‘பழைய புத்தகம் அப்படித்தான்’ என்கிறார்.
– பொங்கோல் வாசகர்

பதில்: நாவல்கள் மொத்தம் 29. முப்பதாவதாக ஒன்று அறிவிக்கப்பட்டு, வெளிவராமலே போனது. 14 கதைகள் கொண்ட சிறுகதைத் தொகுப்பு ஒன்றும், பூனைகளைப் பற்றியும் அந்த ஊரைப் பற்றியும் துணை நூல்கள் இரண்டும் தனியாக உண்டு. அவற்றைச் சேர்த்து எண்ணிக்கையை ஏற்றுவது வழக்கம். தலைப்புகள் எல்லாம் ஒரே மாதிரி தொடங்குவதால், எண்ணிக்கையை நம்பாமல் தலைப்புப் பட்டியலை எழுதி வாங்க வேண்டும்.

பழுதான பொருளுக்குத் தீர்வு கேட்க உதவும் ‘லெமன் சட்டம்’ கடைக்காரரிடம் வாங்கியதற்குத்தான் பொருந்தும், தனிநபர் தனிநபருக்கு விற்றதற்கு இல்லை. ஆனால் உங்களுக்கு வழி இருக்கிறது. விற்கிற பொருள் சொன்ன விவரத்துக்கு ஒத்திருக்க வேண்டும் என்ற விதி தனிநபருக்கும் உண்டு. ‘முழு செட்’ என்று சொல்லிவிட்டு இரண்டு நாவல் குறைந்தால் அது விவரத்துக்கு மாறானது. விளம்பரத்தை அவர் அழிப்பதற்குள் படம் பிடித்து வையுங்கள். இரண்டு நாவலும் வேண்டும், அல்லது அதற்கேற்ற தொகை வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். மசியவில்லையென்றால் சிறு கோரிக்கை நடுவர் மன்றத்தில் இணையம் வழியே மனுப் போடலாம். 5,000 வெள்ளிக்குக் குறைந்த கோரிக்கைக்குக் கட்டணம் 10 வெள்ளி, வழக்கறிஞர் தேவையில்லை. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும்.

பக்கம் கழல்வதில் வாதம் கடினம். நம் வெக்கையிலும் ஈரத்திலும் முப்பது வருடத்துப் பசை உலர்ந்து உதிர்வது இயல்பு, ‘நல்ல நிலை’ என்பதற்கு அளவுகோலும் இல்லை. அடுத்த முறை எம்ஆர்டி ரயில் நிலையத்தில் கைமாற்றும்போது, ஒவ்வொரு புத்தகத்தையும் நடுவில் விரித்து முதுகைப் பாருங்கள். வெள்ளைக் கோடு விழுந்திருந்தால் அந்த இடத்தில்தான் பிரியும். ஓரத்தில் பழுப்புப் புள்ளி இருந்தால், முகர்ந்தும் பாருங்கள். பூஞ்சை வாடை மற்ற புத்தகங்களுக்கும் ஒட்டும். பொறுமை இருந்தால் பிராஸ் பாசா காம்ப்ளெக்ஸ் பழைய புத்தகக் கடைகளில் ஒவ்வொன்றாகப் புரட்டி எடுப்பதே மேல்.

கேள்வி: உயர்நிலைப் பள்ளியில் முதல் ஆண்டு படிக்கும் மகள், பூனை பேசுகிற துப்பறியும் கதை கேட்கிறாள். ரீட்டா மே பிரவுன் வரிசை வாங்கலாமா?
– ஈசூன் வாசகி

பதில்: பூனை பேசும் என்பது சரி. 1990-இல் தொடங்கிய அந்த வரிசையில் பூனையும் நாயும் தங்களுக்குள் பேசித் துப்பறிகின்றன, மனிதர்களுக்கு அது கேட்காது. ஆசிரியரின் சொந்தப் பூனை ஸ்னீக்கி பை பெயரும் அட்டையில் இருக்கும். அட்டையைப் பார்த்துச் சிறுவர் நூல் என்று நினைத்துவிடாதீர்கள். முதல் புத்தகத்திலேயே கொலை கோரமாக இருக்கும். பிந்திய புத்தகங்களில் ஆசிரியரின் அரசியல் கருத்து கதையை நிறுத்திவிடுகிறது என்று வாசகர்கள் குறைப்படுவதிலும் நியாயம் உண்டு. முதல் புத்தகத்தை நூலகத்தில் இரவல் எடுத்து, நீங்கள் முதல் ஐம்பது பக்கம் படித்துவிட்டு மகளிடம் கொடுங்கள்.