மூன்றாவது சீல் வாங்குவதற்கு முன்

கேள்வி: ஒன்பது ஆண்டுகள் ஓடிய என் பெட்ரோல் காரில், கிராங்க் புல்லிக்கு (எஞ்சினின் கிராங்க் தண்டு முனையில் உள்ள பெல்ட் சக்கரம்) பின்னாலிருந்து ஆயில் கசிகிறது. ஐந்து மாதத்தில் இருமுறை ஆயில் சீல் மாற்றியும் கசிவு நிற்கவில்லை. சென்ற முறை ஏர் கன்னால் (காற்றழுத்தத்தில் முறுக்கும் கருவி) முறுக்கிய புல்லி போல்ட் இப்போது அதே கன்னுக்கும் அசைய மறுக்கிறது. ஸ்டார்ட்டரைத் தட்டி போல்ட்டைக் கழற்றிவிடலாம் என்கிறார் மெக்கானிக். சம்மதிக்கலாமா?
– வாசகர், அம்பத்தூர்

பதில்: சம்மதிக்காதீர்கள். போல்ட்டில் மாட்டிய ஸ்பேனரின் கைப்பிடியைச் சேசிஸில் முட்டுக்கொடுத்துச் சாவியைத் திருப்பும் அந்தப் பழைய வித்தையில், கைப்பிடி நழுவினால் ரேடியேட்டரோ பக்கத்தில் நிற்பவரின் கையோ பதம் பார்க்கப்படும். மேலும், மறைமலை நகரில் தயாரான சில ஃபோர்டு கார்களைப் போல, கிராங்க் கியரைத் தண்டோடு பிணைக்கும் சிறு உலோக ஆப்பு (கீ) இல்லாத எஞ்சின்களில், போல்ட்டின் இறுக்கமே டைமிங்கை, அதாவது வால்வுகளும் பிஸ்டன்களும் இயங்கும் ஒத்திசைவை, பிடித்திருக்கிறது. டைமிங் பின் என்ற பூட்டுக் கம்பியைப் போட்டு எஞ்சினைப் பூட்டாமல் போல்ட்டைத் தளர்த்தினால் வால்வுகள் பிஸ்டனில் மோதும் அபாயம் உண்டு. போல்ட்டை அசைக்க, புல்லியை அசையாமல் பிடிக்கும் கருவியும் நீண்ட கைப்பிடியும் இருந்தால் போதும். ஹோண்டா எஞ்சின்கள் பலவற்றில் இதற்கென்றே புல்லியின் நடுவில் 50 மி.மீ. அறுகோணக் குழி இருக்கும்.

ஆனால் என் சந்தேகம் போல்ட்டின் மேல் இல்லை. இரண்டு புதிய சீல்கள் அடுத்தடுத்துத் தோற்றால், ஜி.பி. ரோட்டு உதிரிபாகக் கடைக்காரரைத் திட்டுவதற்கு முன், சீலின் லிப் (உள்விளிம்பு) உரசும் இடத்தைப் பார்க்க வேண்டும். பல எஞ்சின்களில் அது புல்லியின் கழுத்துப் பகுதிதான். புல்லியைக் கழற்றித் துடைத்துவிட்டு, அந்தக் கழுத்தின் குறுக்கே நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் சிக்கினால், ஆண்டுக்கணக்கில் உரசி ஒரு பள்ளம் விழுந்திருக்கிறது, எந்தச் சீல் போட்டாலும் அதன் வழியே ஆயில் வரும். புது சீலை ஓரிரு மி.மீ. வெளியே தள்ளிப் பொருத்தலாம், இடமில்லையென்றால், 0.3 மி.மீ.கூடத் தடிமன் இல்லாத மெல்லிய எஃகு உறையைக் கழுத்தில் ஏற்றலாம், அதற்கு அதே அளவு சீல் போதும்.

எஞ்சினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றும் பிரீதரையும் சோதியுங்கள். ஐடிலிங்கில் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து, அந்தத் துளையின் மேல் ஒரு தாளை வைத்தால் அது லேசாக உள்ளிழுக்கப்பட வேண்டும். எழும்பிப் பறந்தால் அந்த வாயு செல்லும் பாதையிலுள்ள பிசிவி வால்வு அடைத்திருக்கலாம், உள்ளழுத்தம் சீலை மீறி ஆயிலைத் தள்ளும்.

திரும்பப் பூட்டும்போது ஏர் கன் வேண்டாம். கார் நிறுவனத்தின் கையேட்டில் உள்ள அளவுக்கு டார்க் ரெஞ்சால் (முறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) முறுக்கச் சொல்லுங்கள். அதற்கு மேல் எத்தனை டிகிரி திருப்ப வேண்டும் என்ற கோண அளவும் கொடுக்கப்பட்டிருந்தால் பெரும்பாலும் போல்ட்டையும் புதிதாகத்தான் வாங்க வேண்டியிருக்கும். சீலின் லிப் ரப்பர் என்றால் எஞ்சின் ஆயில் தடவலாம், டெஃப்லான் லிப்பைப் பெரும்பாலும் காய்ந்தபடியே பொருத்த வேண்டும்.